பெர்க்லிக்கு ஒப்பாரி வைப்போர் கவனத்திற்கு

பெர்க்லி என்ற பெயர் தமிழ் இலக்கிய வாசகருக்கு அந்நியமானதன்று. ஜார்ஜ் ஹார்ட் அங்கிருந்துதான் ஹாங்க் ஹெய்ஃபெட்ஸுடன் இணைந்து கம்பனின் ஆரணிய காண்டத்தையும் புறநானூற்றையும் ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்றார். தமிழ் செவ்வியல் மொழியே என்று 2000-இல் அவர் எழுதிய கடிதம் நம்மில் பலருக்கு ஏறக்குறைய மனப்பாடம். அந்தப் பல்கலைக்கழகத்துத் தமிழ் இருக்கைக்குப் புலம்பெயர்ந்த தமிழர்கள் பொருள் திரட்டியதும் நாம் அறிந்த கதையே. இவற்றோடு ஆலன் கின்ஸ்பெர்க், செஸ்வாவ் மிவோஷ், பிலிப் கே. டிக், அங்கே பிறந்து வளர்ந்த அர்சுலா லெ க்வின் என்று பெயர்கள் சேரச் சேர, கல்லூரி நகரம் என்றாலே கண்முன் வரும் ஒரு சித்திரமாக பெர்க்லி நம் மனத்தில் பதிந்துவிட்டது. மரநிழல், மரப்பலகை வீடு, முன்புறம் சிறு தோட்டம், நடந்துபோகும் தூரத்தில் புத்தகக் கடை.

அந்தச் சித்திரம் அழிகிறது என்று சில ஆண்டுகளாக ஓர் ஒப்பாரி கேட்கிறது. 2024 ஜனவரியில் பல்கலைக்கழகம் பீப்பிள்ஸ் பார்க்கைச் சரக்குப் பெட்டகங்களால் சுற்றிவளைத்து அடைத்தபோது அதன் குரல் உயர்ந்தது. 2025 கோடையில் நகர மன்றம் நிலப் பயன்பாட்டு விதியைத் திருத்தி, தனி வீடுகள் மட்டுமே நின்ற சமவெளிப் பகுதிகளில் மூன்று தளம் வரையிலான சிறு அடுக்ககங்களுக்கு இடமளித்தபோது மேலும் உயர்ந்தது. கவிஞர்களின் நகரம் கான்கிரீட்டுக்கு விலைபோய்விட்டதாம், சுற்றுப்புறத்தின் தன்மையே செத்துவிட்டதாம். அமெரிக்கப் பத்திரிகைகளில் வரும் இந்தப் புலம்பல்களை நம் இலக்கிய நண்பர்களும் கண்ணீர் மல்கப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

நாம் அழுவதற்கில்லை. ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கின்ஸ்பெர்க்கிடமிருந்து தொடங்குவோம், ஒப்பாரிக்காரர்கள் முதலில் இழுப்பது அவரைத்தான். 1955-இல் அவர் மில்வியா தெருவில் 1624-ஆம் எண் மனையில் ஒரு சிறு குடிலில் குடியேறினார். மாத வாடகை 35 டாலர். அது மனையின் பின்கட்டில் ஒதுங்கி நின்ற குடில். அந்தக் குடிலையே பெயராகக் கொண்ட ஒரு கவிதையும் அவருக்கு உண்டு. பிற்காலத்தில் குடிலை இடித்துவிட்டு அங்கே ஓர் அடுக்ககம் கட்டினார்கள். இலக்கிய யாத்திரிகர்கள் அதன்முன் நின்று உச்சுக்கொட்டுவது ஒரு சடங்கு. நமக்கு அங்கே தோன்றுவது வேறு. கையில் காசில்லாத, 29 வயதான, நிலையான வேலையற்ற ஒரு கவிஞன் பல்கலைக்கழகத்திற்கு நடந்துபோகும் தொலைவில் குடியிருக்க முடிந்தது எதனால்? மலிவான, சிறிய, ஒரே மனையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இடம் வாடகைக்குக் கிடைத்ததனால். அத்தகைய இடங்கள் பெருகிவிடாமல் தடுப்பதைத்தான் 'சுற்றுப்புறத்தின் தன்மையைக் காத்தல்' என்ற பெயரில் அந்த நகரம் அரை நூற்றாண்டாகச் செய்துவந்தது. கின்ஸ்பெர்க்கின் பெயரால் அடுக்ககத்தை எதிர்ப்பவர்கள், இன்னொரு கின்ஸ்பெர்க் அந்தத் தெருவில் காலெடுத்து வைக்க முடியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இன்று அங்கே ஒரு சராசரி வீட்டின் விலை பத்து லட்சம் டாலருக்கு மேல்.

இந்தத் 'தன்மை' என்னும் சொல்லுக்கு ஒரு பிறப்புக் குறிப்பு இருக்கிறது.

பெர்க்லி 1916-இல் தன் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. ஒரு பகுதியில் தனிக் குடும்ப வீடு தவிர வேறெதுவும் கட்டக்கூடாது என்று வகுப்பதில் அமெரிக்காவில் அது முன்னோடி. அதற்கு முன்னின்று உழைத்தவர் டங்கன் மக்டஃபி என்ற மனை வணிகர். கிளேர்மான்ட் பகுதியை மனைகளாகப் பிரித்து விற்றவர் அவர். வெள்ளையர் அல்லாதார் இங்கே குடியிருக்கலாகாது என்ற நிபந்தனையை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதி விற்றார். செம்மரக் காடுகளைக் காக்கும் இயக்கத்தில் முன்னணியில் நின்றவரும் சியரா கிளப்பின் தலைவராக இருந்தவரும் இதே மக்டஃபிதான். இயற்கையின் மீதான அவரது காதல் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். மரத்தைக் காப்பதற்கும் மனிதரை விலக்குவதற்கும் ஒரே கை போதும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. இன்றைய எதிர்ப்பாளர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம்.

அந்தச் சட்டம் பாய்ந்த தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று, கறுப்பினத்தவரின் நடனக் கூடம் ஒன்று பணக்காரர் பகுதிக்கு அருகே வராமல் தடுத்தது. 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி நகரத்தைக் கூறுபோடும் சட்டங்கள் செல்லாது என்றது. பெர்க்லியின் வழிமுறை அப்போது பிற நகரங்களுக்கு எவ்வளவு வசதியாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிறத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டியதில்லை. 'ஒரு மனைக்கு ஒரு வீடு' என்று எழுதிவைத்தால் மீதியை விலை பார்த்துக்கொள்ளும். 1926-இல் யூக்ளிட் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் நிலப் பயன்பாட்டுச் சட்டங்களுக்கு ஒப்புதல் முத்திரை குத்தியது. தனி வீட்டுப் பகுதியில் எழும் அடுக்ககத்தை ஒட்டுண்ணி என்றே அத்தீர்ப்பு வர்ணித்தது. 'சைவக் குடும்பத்தாருக்கு மட்டும்' என்ற வாடகை விளம்பரங்களைப் படித்துப் பழகிய நமக்கு, சொல்லாமல் சொல்லும் இந்த மொழிக்கு அகராதி தேவைப்படாது.

விலக்கப்பட்டவர்களில் நம்மவரும் உண்டு. வைஷ்ணோ தாஸ் பகாய், கலா பகாய் தம்பதியர் 1915-இல் பெஷாவரிலிருந்து குழந்தைகளோடு கப்பலேறி வந்தவர்கள். சேர்த்துவைத்த பணத்தில் பெர்க்லியில் ஒரு வீடு வாங்கினார்கள். குடிபோகும் நாளன்று அண்டை வீட்டார் அவர்கள் உள்ளே நுழைய முடியாதபடி வீட்டைப் பூட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளை வளர்ப்பதற்கில்லை என்று குடும்பம் திரும்பிப் போனது. 1923-இல் தீண்ட் வழக்கின் தீர்ப்பு இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்கு உரியவர் அல்லர் என்றது. வைஷ்ணோ தாஸின் குடியுரிமையும் பறிபோனது. 1928-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கலா பகாய் நெடுங்காலம் வாழ்ந்து கலிஃபோர்னிய இந்தியர்களுக்கெல்லாம் தாய்போல விளங்கினார். பெர்க்லி நகரின் மையத்தில் ஒரு சிறு தெருவுக்கு இன்று அவர் பெயர். நகர மன்றம் 2020-இல் அதற்கு முடிவெடுத்தது. பெயர்ப் பலகை அழகானதுதான். ஆனால் ஒருவர் பெயரைத் தெருவுக்குச் சூட்டிவிட்டு, அவரைப் போன்றோர் குடிவர முடியாத விதியை அப்படியே வைத்துக்கொள்வது என்ன மரியாதை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பழங்கதை, இப்போது எதற்கு என்பார்கள். அப்படியானால் 1963-ஐப் பார்ப்போம். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் கூடாது என்ற நகரச் சட்டத்தை அந்த ஆண்டு ஏப்ரலில் பெர்க்லி வாக்காளர்கள் சிறு வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே பேச்சுரிமை இயக்கம் பிறந்து உலகப் புகழ்பெற்ற அதே ஊர். மாநிலம் முழுமைக்குமாக அத்தகைய சட்டத்தை 1963-இல் நிறைவேற்றிக் காட்டிய பைரன் ரம்ஃபோர்டு பெர்க்லியைச் சேர்ந்த கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர். அவர் சட்டத்தையும் 1964-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பில் கவிழ்த்தார்கள். பின்னர் நீதிமன்றம்தான் அதை மீட்டது. புரட்சி பேசும் ஊர், புரட்சியைத் தன் தெருவுக்குள் விடாத ஊர். இரண்டும் ஒரே பெர்க்லிதான்.

அதன்பின் வந்ததுதான் இன்னும் சுவையானது, கசப்பானதும்கூட. 1973-இல் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்று மக்கள் முன்மொழிவாகவே நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர்கள் இடதுசாரிச் சாய்வுள்ள குடிமக்கள். பழைய வீடுகளை இடித்து அழகற்ற பெட்டி அடுக்ககங்களை எழுப்பிய வணிகர்கள் மீது அவர்களுக்கிருந்த கோபம் நியாயமானதே, அந்தக் கட்டடங்களை நேரில் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் கோபத்தின் விளைவு என்ன? கட்டுமானம் ஏறக்குறைய நின்றது. பல்கலைக்கழகம் வளர்ந்துகொண்டே போனது. 1978-இல் வந்த 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காடாகவும், அம்மதிப்பின் ஆண்டு உயர்வை இரண்டு விழுக்காட்டுக்குள்ளும் கட்டிப்போட்டது. வீட்டை விற்காமல் வைத்திருப்பவருக்கு வரி ஏறாது, விலை மட்டும் ஏறும். பற்றாக்குறையே செல்வமாக மாறும் இந்த ஏற்பாட்டில், வீடு உள்ளவர் முற்போக்காளராகவும் இருக்கலாம், பற்றாக்குறையின் பயனாளியாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் முரண்பாடு தோன்றாது. 1970-இல் நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். 2020-இல் பத்தில் ஒருவர்கூட இல்லை. அவர்களை யாரும் வீடு புகுந்து விரட்டவில்லை. 1916-இல் எழுதப்பட்டதை விலை நிறைவேற்றிக்கொண்டது.

இந்த மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்மைக் கால நீதிமன்ற வழக்குகளைவிடச் சிறந்த அங்கதத்தை எந்த எழுத்தாளராலும் புனைய முடியாது. கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1970-இல் வந்தது. ஆற்றையும் காட்டையும் காக்க வந்த சட்டம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. மாணவர் எண்ணிக்கை கூடுவதே சுற்றுச்சூழல் பாதிப்பு என்பது வாதம். நீதிமன்றம் ஏற்றது. மாணவர் சேர்க்கையை 2020-21-ஆம் கல்வியாண்டின் அளவான 42,347-இல் நிறுத்தச் சொன்னது. 2022 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஏறக்குறைய 3,000 இளைஞர்களின் இடம் ஒரே வாரத்தில் அந்தரத்தில் தொங்கியது. சட்டமன்றம் அவசரமாகக் கூடி ஒரு திருத்தம் இயற்றித்தான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. அதோடு முடிந்ததா? 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர் விடுதியில் எழக்கூடிய இரைச்சலைப் பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராயவில்லை என்றது. இளைஞர்களின் பேச்சும் சிரிப்பும் ஆலைக் கழிவின் வரிசையில் வைக்கப்பட்டன. அதற்கும் ஒரு சட்டத் திருத்தம், அதன்பின் 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. நம் வாசகர்கள் பலரின் பிள்ளைகளும் மருமக்களும் அங்கே படிக்கிறார்கள். ஒரு படுக்கையறையை மூவரும் நால்வருமாகப் பகிர்ந்துகொண்டு, பக்கத்து ஊர்களிலிருந்து ரயிலேறி வந்து படிப்பவர்கள். அவர்களது மூச்சுக்காற்றே மாசு என்று வாதாடியவர்களுக்காக நாம் ஏன் அழ வேண்டும்?

பீப்பிள்ஸ் பார்க்கின் கதி அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியதன்று. அங்கே நம் சொற்கள் சற்றுத் தயங்குகின்றன. டெலிகிராஃப் அவென்யூவை ஒட்டிய 2.8 ஏக்கர் நிலம் அது. குடியிருப்பு வீடுகள் இருந்த மனைகளை 1960-களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகம் கட்டாயமாகக் கையகப்படுத்தி, வீடுகளை இடித்துத் தள்ளி, சேறும் சகதியுமாகப் போட்டுவைத்தது. வீட்டை இடித்துப் பாழாக்கியது யார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1969 ஏப்ரலில் மாணவர்களும் ஊராரும் அங்கே செடி நட்டுப் பூங்கா ஆக்கினார்கள். மே 15 அதிகாலையில் வேலி எழுந்தது. அன்றைய மோதலில் போலீஸ் சுட்டதில் கூரை மீது நின்ற ஜேம்ஸ் ரெக்டர் குண்டடிபட்டுச் சில நாட்களில் இறந்தார். ஆலன் பிளான்சார்டு என்பவர் பார்வை இழந்தார். ஆளுநர் ரொனால்டு ரேகன் தேசியக் காவற்படையை அனுப்பினார். ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை பொழிந்தார்கள். (அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இதே ரேகன்தான். அரை நூற்றாண்டு கழித்துப் பூங்காவைக் காக்க அவரது சட்டத்தையே ஆயுதமாக ஏந்தினார்கள். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.)

அந்த ரத்தத்தின் நினைவை நாம் சிறுமைப்படுத்தவில்லை. 2024 ஜனவரி இரவொன்றில் நூற்றுக்கணக்கான போலீஸாரைக் குவித்து, இரண்டடுக்குச் சரக்குப் பெட்டகச் சுவர் எழுப்பிய நிர்வாகத்தின் முறையை நியாயப்படுத்தவும் போவதில்லை. ஆனால் அங்கே வருவதாகத் திட்டமிடப்பட்டது என்ன? ஏறக்குறைய 1,100 மாணவர்களுக்கு விடுதி, வீடற்றோருக்கும் வறியோருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகள், எஞ்சிய நிலத்தில் திறந்தவெளி. பூங்காவில் கூடாரம் அடித்துக் கிடந்தவர்களின் வறுமையை எதிர்ப்பின் அடையாளமாகக் கண்டு மெய்சிலிர்த்தவர்கள் எத்தனை பேர் அவர்களுள் ஒருவருக்குத் தங்கள் பின்கட்டில் இடம் கொடுத்தார்கள்? கூடாரம் கவிதைக்கு நல்ல படிமம். மழையில் நனைகிறவருக்குக் கூரை வேண்டும்.

அதற்காகப் பல்கலைக்கழகத்திற்கு நற்சான்று வழங்குகிறோம் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நகரின் நிலப் பயன்பாட்டு விதி அதைக் கட்டுப்படுத்தாது, சொத்து வரியும் கிடையாது. 2005-இல் அது வகுத்த நெடுங்காலத் திட்டம், 2020-இல் 33,450 மாணவர்கள் இருப்பார்கள் என்றது. உண்மையில் எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அதற்கேற்ற படுக்கைகள் மட்டும் வரவில்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களில் தன் மாணவர்களுக்கு இடம் தருவதில் மிகவும் பின்தங்கியது பெர்க்லியே. 2021-இல் நகரத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 16 ஆண்டுகளில் 8.26 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, நகரம் வழக்குகளைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன். மாணவரைச் சேர்த்துக்கொண்டு கட்டணம் வாங்கிவிட்டு, படுக்க இடத்தை நீயே தேடிக்கொள் என்று வாடகைச் சந்தையில் தள்ளிய குற்றம் அதனுடையது. வீட்டு உரிமையாளர்களும் பல்கலைக்கழகமும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டிக்கொண்ட ஐம்பது ஆண்டுகளில் இருவரும் நட்டப்படவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

எல்லா நிலத்திலும் கட்டடம் எழும்ப வேண்டும் என்று வாதிடுகிறோமா? இல்லை. பெர்க்லியின் மேற்குக் கோடியில், நான்காம் தெருவில், 2.2 ஏக்கரில் ஒரு வாகன நிறுத்தம். பார்வைக்கு வெறும் தார்த்தரை. அது ஓலோனி தொல்குடியினரின் பழமையான சிப்பி மேட்டின் இடம், அவர்களுடைய மூதாதையரைப் புதைத்த மண். மேட்டின் மண்ணையும் சிப்பியையும் அள்ளிச் சாலை போட்டார்கள், எலும்புகளைப் பல்கலைக்கழகத்தார் தோண்டி அலமாரியில் அடுக்கினார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகள் பெர்லின் போன கதை தெரிந்த நமக்கு அந்த வலி புரியும். அங்கே அடுக்ககம் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஓலோனிப் பெண்கள் முன்னின்று ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். 2024 மார்ச்சில் நகர மன்றம் அந்நிலத்தை வாங்கி, பூர்வகுடிப் பெண்கள் நடத்தும் நில அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவெடுத்தது. விலை 2.7 கோடி டாலர், பெரும்பகுதி அறக்கட்டளையே தந்தது. காக்கப்பட வேண்டிய நினைவு எது என்று கேட்பவருக்கு நாம் அந்தத் தார்த்தரையைக் காட்டுவோம். எல்ம்வுட்டில் 1910-களில் கட்டிய ஒரு மரப்பலகை வீட்டின் முகப்பையும் அதையும் 'பாரம்பரியம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதி.

புத்தகக் கடைகள் என்ன ஆகும் என்ற கவலை நம்முடையதும்தான். ஆனால் டெலிகிராஃப் அவென்யூவின் கோடீஸ் 2006-இல் மூடப்பட்டபோது அதைச் சுற்றி எந்த வானளாவியும் எழும்பியிருக்கவில்லை. ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி 2015-இல் போயிற்று. இணைய வணிகமும் வாடகையும் தின்ற கடைகள் இவை, குடியிருப்புகள் தின்றவை அல்ல. ருஷ்தி விவகாரத்தில் 1989-இல் குண்டு வீச்சுக்கே அஞ்சாமல் நின்ற கோடீஸ், நூல் வாங்குவோர் போதாமல் வீழ்ந்தது. கடைக்கு நடந்து வரும் தூரத்தில் இன்னும் இரண்டாயிரம் இளைஞர்கள் குடியிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் அறுதியிட்டுச் சொல்லமாட்டோம். கெட்டிருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கும் ஐயம் எழும். கட்டுநர்கள் அறம் செய்ய வருபவர்கள் அல்லர். புதிய அடுக்ககத்தின் வாடகை ஏழைக்கு எட்டுவதில்லை என்பதும் மெய். ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர் எந்த வீட்டிலிருந்து சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். புதிய கட்டடம் எழாவிட்டால் வசதியுள்ளவர் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. பழைய கட்டடத்தில் குறைந்த வாடகைக்கு இருப்பவரை விலையால் வெளியேற்றிவிட்டு அங்கேயே குடியேறுகிறார். கடந்த ஐம்பது ஆண்டுகளில் தெற்கு பெர்க்லிக்கு நேர்ந்தது இதுதான். குடிக்கூலியாளர் இருக்கும் கட்டடத்தை இடித்தால் அவருக்கு அதே வாடகையில் மாற்றிடம் என்பது தாளில் மட்டுமின்றி நடப்பிலும் வர வேண்டும். விரைவுபடுத்த வேண்டியது அதை.

2025-இன் திருத்தம் குன்றுப் பகுதியைத் தொடவில்லை. குறுகிய சாலைகள், காட்டுத்தீ அபாயம் என்பது காரணம். 1923-இல் குன்றிலிருந்து இறங்கிய தீ சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளைத் தின்றது, 1991-இல் ஓக்லண்டு குன்றுகளில் எழுந்த தீ 25 உயிர்களைக் குடித்தது. காரணம் பொய்யன்று. ஆனால் நகரின் பெருஞ்செல்வரில் பலர் வசிக்கும் பகுதி மறுபடியும் விலக்குப் பெறுகிறது என்பதும் பொய்யன்று. குன்றில் கூட்டக்கூடாதென்றால் குன்றடிவாரத்துக் கடைத்தெருக்கள் அந்தப் பாரத்தைச் சுமந்தாக வேண்டும். வட ஷாட்டக், சொலானோ அவென்யூ, எல்ம்வுட்டின் காலேஜ் அவென்யூ ஆகியவற்றில் உயரத்தைக் கூட்டுவதற்கான திட்டம் இப்போது பேச்சில் இருக்கிறது. மக்டஃபியின் சட்டம் அரண் அமைத்த அதே எல்ம்வுட். அங்கே சிறு கடைக்காரர்கள், இடிப்புக் காலத்தில் தங்கள் கதி என்ன என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நகர மன்றம் எழுத்தில் பதில் தர வேண்டும்: இடமாற்ற இழப்பீடு எவ்வளவு, புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் பழைய கடைக்கு முன்னுரிமை உண்டா, எந்த வாடகையில்? தெரு நிழல் குறையும், கார் நிறுத்த இடம் போய்விடும் என்று அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பேசுகிற வீட்டு உரிமையாளர்களுக்குத் தனியாகப் பதில் தேவையில்லை.